உள்ளே ஆள் இருக்கிறார்

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தங்கமான மனுஷன். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். பெண்டாட்டி பிள்ளை என்றே கிடந்தவர். ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் செத்தவர் எழுந்து வந்து சண்டைக்கு நிற்பார் என்கிற பயமோ என்னவோ, ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு புகழ்ந்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள். காதில் தண்ணீர் புகுந்துகொண்டது போல எல்லாச் சத்தமும் தூரத்தில் இருந்தது. அவர்கள் சொல்கிற அந்த நல்ல மனுஷர் வேறு யாருடைய புருஷனோ என்று பட்டது.

அவள் அழவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அது போதாதா? "இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காளே" என்று நாத்தனார் சமையலறையில் யாரிடமோ சொன்னது நன்றாகவே கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாத்தனார் வாயைத் திறந்தாலே அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். இன்றைக்கு அதுவும் வரவில்லை. அப்போதுதான் தனக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் தலைமை மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்டைத் திறந்து மூடுகிறவர்கள் அவர் கையால் தொழில் பழகியவர்கள்தான். எல்லாருக்கும் அவர் அண்ணன், அவள் அண்ணி. முதுகுக்குப் பின்னால் மட்டும் அவருக்குப் பெயர் 'பூட்டு'. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெயருக்குக் காரணம் இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மொட்டை மாடிக்குப் போய், மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று ஓர் அட்டையும் தொங்கவிட வேண்டும். சாவி அவன் சட்டைப் பையில். மாட்டினவனே வந்து திறக்கிற வரைக்கும் முதலாளியே வந்து நின்றாலும் அந்தப் பூட்டை யாரும் தொடக் கூடாது. சட்டம் எல்லா இடத்திலும் உள்ளதுதான். மற்றவர்கள் அதை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டார்கள், இவர் சோறாகவே சாப்பிட்டார். இளவயதில் இவருடைய கூட்டாளி ஒருவன் உள்ளே இருந்தபோது, வெளியே வந்துவிட்டான் என்று எவனோ சொன்னதை நம்பி இன்னொருவன் சுவிட்சைப் போட்டுவிட்டான். கூட்டாளிக்கு ஒரு கையில் விரல்கள் மிச்சமில்லை. அன்றிலிருந்து இவர் வாயில் ஒரே மந்திரம்: "அடுத்தவன் வாயால எவனும் வெளியே வரக் கூடாது."

அதனால் போகிறவன் "உள்ளே போறேன்" என்று கத்த வேண்டும், வெளியே நிற்கிறவன் "உள்ளே போறீங்க" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வந்ததும் அதே மாதிரி. சொல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

இதை அவர் தொழிலோடு நிறுத்தியிருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். வீட்டுக்கும் கொண்டுவந்தார். யார் வெளியே போனாலும் அவரிடம் தன் வாயாலேயே "போயிட்டு வரேன்" சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் "வந்துட்டேன்" சொல்ல வேண்டும். அம்மா வந்துவிட்டாள் என்று பிள்ளைகள் சொன்னால் செல்லாது. அம்மாவே வந்து தலையைக் காட்ட வேண்டும். அவருக்கும் அதே விதி. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வந்துட்டேன்" என்பார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே "வந்துட்டீங்க" என்பாள். அந்தப் பதில் வருகிற வரைக்கும் வாசல்படியைத் தாண்ட மாட்டார். "இது வீடா, உங்க கம்பெனியா?" என்று அவள் எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறாள். மகள் பெரியவளானதும் குளியலறை வாசலில் நின்று "உள்ளே போறேன்!" என்று வீடு அதிரக் கத்தி அவரைக் கேலி செய்வாள். அவர் சிரிக்காமல் "உள்ளே போறே" என்று பதில் சொல்வார். நாற்காலியில் ஏறி யாராவது பரணில் கைவைத்தால், எங்கிருந்தோ வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். மகன் சைக்கிள் பழகின காலம் முழுக்கக் கூடவே ஓடி, பையனைவிட இவர்தான் அதிகம் விழுந்து எழுந்தார்.

இப்படி ஒரு மனுஷனோடு வாழ்ந்தால் அன்பு என்று தனியாக ஒன்றைத் தேடத் தோன்றாது. தொந்தரவு என்றுதான் தோன்றும்.

அன்றைக்கு அவர் பழைய அடுக்குமாடி ஒன்றில் வேலையாக இருந்தார். லிஃப்ட் கதவுக்கு ஒரு உருளை மாற்ற வேண்டும், கையிலிருந்தது அளவு சேரவில்லை, மதியத்துக்குள் வேறு வரும் என்றார்கள். பூட்டை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். "சீக்கிரம் போகணும், பூட்டு தொங்குது" என்றார். "கொஞ்சம் கண்ணை மூடிட்டு வரேன்" என்று கட்டிலில் சாய்ந்தார். "வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுப்பப் போனாள். அவ்வளவுதான்.

ஆக, பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கம்பெனியிலிருந்து முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள், சாவி வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா என்று. "தேடிப் பார்க்கிறேன்" என்றாள். மறுநாளும் கேட்டார்கள். "தேடறேன்" என்றாள். தேட ஒன்றுமில்லை. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. சட்டையைத் துவைக்க எடுத்தபோது அதை எடுத்துப் பட்டன் போட்டு வைக்கிற தகர டப்பாவில் போட்டவளே அவள்தான். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் அவளுக்குத் தெரியும். பாதி வேலையை விட்டுவிட்டு அவர் எங்கேயும் போனதில்லை. அந்தப் பூட்டு தொங்குகிற வரைக்கும் அவர் திரும்பி வர வேண்டிய ஆள். அட்டையே சொல்கிறதே, உள்ளே ஆள் இருக்கிறார் என்று.

அன்று மதியமே வந்த உருளையைப் பையன்கள் மாட்டி முடித்திருந்தார்கள், பூட்டு மட்டும்தான் பாக்கி. முதலாளி பொறுமை இழந்தார். "ஆளே போயாச்சு, பூட்டு எதுக்கு? வெட்டி எறிங்கடா" என்று கட்டரோடு ஆளை அனுப்பினார். போனவனை எல்லாரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இருப்பவர்களில் முரட்டுத்தனத்துக்குப் பெயர் போனவன். மோட்டார் அறை வரை போய், அட்டையில் அண்ணன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, கட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டான். "என்னால ஆகாது, வேற யாரையாவது பாருங்க" என்றான். வேறு யாரையாவது என்றால் யாரை? எல்லாரும் அவர் பழக்கியவர்கள்.

இப்படியாக ஒரு கட்டடம் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு படியேறியது.

ஐந்தாம் நாள் காலையில் மாப்பிள்ளை வந்தான். யார் வீட்டு மாப்பிள்ளையும் இல்லை, அது அவன் பட்டப்பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு லிஃப்டில் பூட்டை மாட்டிவிட்டு, மறதியில் சாவியோடு வெளியூருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். அண்ணன் பூட்டை வெட்டவில்லை. ஆள் அனுப்பி, கல்யாண மாப்பிள்ளையைப் புதுப்பெண்ணோடு பஸ் ஏற்றி வரவழைத்தார். பட்டுச்சட்டையும் கழுத்தில் வாடின மாலையுமாக அவன் மொட்டை மாடியில் பூட்டைத் திறந்து, "வெளியே வந்துட்டேன்" என்று கத்தினான். அதன்பிறகு அண்ணன் தானே இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டார். புதுப்பெண் சாப்பிடும்போதெல்லாம் அழுதாள். அண்ணிதான் தேற்றினாள், "இவங்களுக்கு வாழ்க்கைப்பட்டா இப்படித்தாம்மா" என்று. அந்த மாப்பிள்ளைக்கு இப்போது தொப்பை விழுந்துவிட்டது, தலையிலும் வெள்ளை. அண்ணன் இடத்தில் இனி அவன்தான்.

வந்தவன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். நாற்காலி காலியாக இருந்தது. அதில் அண்ணன் உட்காருவார் என்பதால் அவன் தொடவில்லை. சாவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"மேல் மாடி டீச்சரம்மா உங்களை விசாரிச்சாங்க அண்ணி."

"யாரு?"

"கடைசி மாடியில இருக்காங்களே, ரிட்டயர் ஆனவங்க. கிட்னி பிரச்சினை. வாரத்துல ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு வரணும். போன தடவை நாங்க நாலு பேரும் நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு இறங்கினோம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வந்தாங்க, பாவம். இன்னைக்கு மறுபடி போகணும்."

"வெட்டிட வேண்டியதுதானே?" என்றாள். குரல் யாருடையதோ மாதிரி வந்தது.

"கல்யாணத்துல இருந்து என்னை இழுத்துட்டு வந்தவர் அண்ணி அவரு. எனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா? நான் எப்படி வெட்டுவேன்?"

"சாவி கிடைக்கலைன்னா?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். நாற்காலிக் கால் அழுத்திய தடம் இரண்டு கையிலும் கன்றிப்போயிருந்தது. "கிடைக்கலைன்னா கிடைக்கிற வரைக்கும் தூக்குவோம். என்ன, படி திரும்புற இடத்துலதான் பயமா இருக்கு. மொட்டைக்குப் போன தடவை கால் வழுக்கிடுச்சு."

அந்தக் கையை அவள் பார்த்தாள். அவருக்கு இப்படி ஒரு சேதி எட்டியிருந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருப்பார் என்று தோன்றியது. துக்கமாகத் தோன்றவில்லை, ஒரு தகவல் மாதிரிதான் தோன்றியது. எழுந்து உள்ளே போனாள். தகர டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தாள். பட்டன்களுக்கு நடுவில் சாவி கிடந்தது. வெளியே வந்து கையை விரித்துக் காட்டினாள்.

இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவன் கேட்கவில்லை. சாவியை வாங்கவும் இல்லை. "நீங்களே வாங்க அண்ணி" என்றான். "அவருக்கு அடுத்து, சொந்தமா சாவியைத் தொடற உரிமை உங்களுக்குத்தான்."

"அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை" என்று மகள் குறுக்கே வந்தாள். "லிஃப்ட் வேற ஓடலை. எப்படி ஏறுவாங்க?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் இருந்திருந்தால் அவள் கட்டாயம் ஒரு போடு போட்டிருப்பாள், லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டு மாடிப்படி ஏறுகிற பாக்கியம் எனக்குத்தான் என்று. இப்போது செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று பழக்க தோஷத்தில் உள்ளே திரும்பி, "போயிட்டு வரேன்" என்றாள். கட்டில் இருந்த அறையில் இருந்து பதில் வரவில்லை. மகள்தான், "போயிட்டு வாம்மா" என்றாள்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மொட்டையும் இன்னும் இருவரும் காத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். லிஃப்ட் பெட்டி நடுமாடி ஒன்றில் நின்றிருந்தது. மாப்பிள்ளை தன்னிடமிருந்த கதவுச் சாவியால் கீழ்த்தளக் கதவைத் திறந்து விளக்கைக் காட்டினான். எண்ணெய் வாசனை அடித்தது, அவர் சட்டையில் தினமும் அடிக்கிற அதே வாசனை. கீழே குழி துப்புரவாக இருந்தது. ஓரத்தில் அவருடைய துடைக்கும் துணி, நாலாக மடித்து வைத்திருந்தது.

"இதுக்கும் ஒரு முறை இருக்கு அண்ணி. பூட்டு மாட்டினவர் வராம, வேற ஒருத்தர் திறக்கிறதா இருந்தா, முதல்ல உள்ளே ஆள் இல்லைன்னு பார்க்கணும். கூப்பிட்டுப் பார்க்கணும். அவர்தான் எழுதி ஒட்டி வெச்சார்." அவன் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். "நான் கூப்பிட்டேன்னா சரியா வராது. நீங்க கூப்பிடுங்க."

"என்னன்னு கூப்பிடறது?"

"எப்பவும் கூப்பிடற மாதிரிதான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னங்க."

சத்தம் எழும்பவில்லை. மாப்பிள்ளை மெதுவாக, "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றான்.

"என்னங்க! இருக்கீங்களா?"

குரல் குழியில் இறங்கி, சுவர் சுவராகத் தொட்டு, பெட்டிக்கு அப்பால் மேலே ஏறிப்போனது. கூப்பிட்ட பிறகு காத்திருக்க வேண்டும், அதுவும் முறைதான். காத்திருந்தார்கள். வளர்ந்த ஆண்பிள்ளைகள் தலையைச் சாய்த்து, அந்த மனுஷன் பதில் சொல்லிவிடுவார் என்பது போல மெய்யாகவே காது கொடுத்துக் கேட்டார்கள். அவளும் கேட்டாள். கம்பி ஒன்று எங்கோ லேசாகத் தட்டியது. வேறெதுவும் இல்லை.

"பதில் இல்லை" என்றான் மாப்பிள்ளை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மொட்டை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏறினார்கள். இவளுக்கு வீட்டு வாசலில் உள்ள மூன்று படியே முழங்காலைப் பிடுங்கும். இன்று ஒவ்வொரு மாடியிலும் மாப்பிள்ளை, "உட்காருங்க அண்ணி" என்று சொன்னான். ஏன் உட்கார வேண்டும் என்று இவளுக்குப் புரியவில்லை. வலியே இல்லை. கால்கள் யாருடையவோ போல ஏறிக்கொண்டிருந்தன. பெட்டி நின்ற இடத்துக்கு மேல்மாடியில் அவன் கதவைத் திறந்து பெட்டியின் கூரையைப் பார்த்துவிட்டு, "இங்கயும் இல்லை" என்றான்.

கடைசி மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. சக்கர நாற்காலியில் நரைத்த அம்மாள் ஒருத்தி, மடியில் ஆஸ்பத்திரிப் பை. அவளைக் கண்டதும் அந்த அம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். "வேலை ஆரம்பிக்கும்போது என்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பார். முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்லுவார். அன்னைக்கு 'சாப்பிட்டு வந்துடறேம்மா'ன்னார். நானும் சரின்னேன்."

"என்கிட்டயும் வரேன்னுதான் சொன்னார்" என்றாள் இவள். கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மேலே போனாள்.

மோட்டார் அறை சின்னது. நடுவில் பெரிய மோட்டார், சுவரில் சுவிட்சுப் பெட்டி, அதில் பூட்டு. தேய்ந்து பளபளத்த பித்தளைப் பூட்டு. கீழே அட்டை. 'உள்ளே ஆள் இருக்கிறார். தொடாதே.' ஒவ்வொரு எழுத்தும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் குண்டு குண்டாக, பிசகில்லாமல். பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து.

அவள் சாவியை நுழைத்தாள். திருப்பவில்லை. நின்றாள். மாப்பிள்ளை அவசரப்படுத்தவில்லை. இன்னும் ஒரு நாள் அப்படியே விட்டால் என்ன என்று நினைத்தாள். கீழே அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் இறங்குவது தெரிந்தது, படித் திருப்பத்தில் மொட்டையின் கால் வழுக்குவது தெரிந்தது. திருப்பினாள். எண்ணெய் போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது, பூட்டு அடம் பிடிக்காமல் கையோடு வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அட்டையையும் கழற்றினாள்.

ஆனால் மாப்பிள்ளை சுவிட்சில் கைவைக்காமல் நின்றான்.

"என்ன?"

"உள்ளே போனவர் 'வெளியே வந்துட்டேன்'னு சொல்லணும் அண்ணி. அப்பதான் போடலாம்." அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "எனக்குத் தெரியும். இருந்தாலும் கை போக மாட்டேங்குது."

படியில் மொட்டையும் மற்றவர்களும் வந்து நின்றிருந்தார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவருக்குப் பதிலாக அவள் சொல்லிவிடலாம். சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அடுத்தவன் வாயால் எவனும் வெளியே வரக் கூடாது. அவருடைய வார்த்தையைச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. பதில் வார்த்தை ஒன்றுதான் அவளுடையது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல், சில நாள் அலுப்போடும் சில நாள் எரிச்சலோடும், ஒரு நாள்கூட விடாமல் சொன்னது. அது சொல்லாமல் அவர் படியைத் தாண்ட மாட்டார்.

மோட்டாரைப் பார்த்தபடி அதைச் சொன்னாள்.

"வந்துட்டீங்க."

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஒரு முறை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. கயிறுகள் நகர்ந்தன. காலிப் பெட்டி மேலே வரும் சத்தம் கேட்டது.

அவள் அப்படியே மோட்டார் அறை வாசற்படியில் உட்கார்ந்தாள். பூட்டு ஒரு கையில், அட்டை ஒரு கையில். மாப்பிள்ளை பதறிக்கொண்டு பக்கத்தில் குந்தினான். "என்ன அண்ணி, என்ன பண்ணுது?"

"முழங்கால்" என்றாள். முகம் கோணியது. "முழங்கால் வலிக்குது மாப்பிள்ளை. ரொம்ப வலிக்குது."

சொல்லிவிட்டு, அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, பெருங்குரலெடுத்து அழுதாள்.